டீத்தூள் லேபிளை நாமே வரையலாம்: இங்க்ஸ்கேப் புதிதாகப் பழகும் மலைக்காரர்களுக்கு

முதல் லேபிளுக்காகக் கோத்தகிரியிலிருந்து கோயம்புத்தூருக்கு மூன்று தடவை பஸ் ஏறினேன். முதல் தடவை போனில் செய்த படத்தைக் காட்டினேன். "இதைப் பெருசு பண்ணா உடைஞ்சிருங்க்கா, வெக்டார் ஃபைலு இருந்தா குடுங்க" என்றார் அச்சகத்துத் தம்பி. இரண்டாம் தடவை வெக்டார் கோப்போடு போனேன். திரையில் பளபளத்த பச்சை இலை, தாளில் வாடிய முட்டைக்கோஸ் இலை மாதிரி வந்தது. மூன்றாம் தடவை நிறம் சரி. ஆனால் 'கொழுந்து' என்ற சொல்லில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் ஒரு புள்ளிவட்டம். நாற்பது தாள் அடித்த பிறகுதான் பார்த்தோம்.

வீட்டில் டீத்தூள், சாக்லேட், வர்க்கி, ஜாம் என்று எதையாவது பாக்கெட் போட்டு விற்கிறீர்கள், லேபிளுக்கு ஒவ்வொரு முறையும் டிசைனரிடம் காசு கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை என்றால் இது உங்களுக்குத்தான். நானும் அண்ணியும் மசாலா டீத்தூள் போடுகிறோம். அதையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். வரைவது இங்க்ஸ்கேப் என்ற இலவச வெக்டார் மென்பொருளில்.

வெக்டார் என்றால் என்ன என்று நீட்ட மாட்டேன். போன் படம் சின்னச் சின்னக் கட்டங்களால் ஆனது, பெரிதாக்கினால் கட்டம் தெரியும். வெக்டார் படம் கோடும் வளைவுமாகக் கணக்கில் இருப்பது, தபால்தலை அளவிலும் பேனர் அளவிலும் ஒரே கூர்மை. இது போதும்.

1. மென்பொருளைத் திறக்கும் முன் அச்சகத்துக்கு ஒரு போன்

நான் தலைகீழாகச் செய்தேன். வரைந்து முடித்துவிட்டு அச்சகத்தைத் தேடினேன். நீங்கள் அச்சகத்தில் கேட்டுவிட்டு வரையத் தொடங்குங்கள். கேட்க வேண்டியவை இவைதான்: தாள் என்ன அளவு, ஓரத்தில் எவ்வளவு விட வேண்டும், ப்ளீட் எத்தனை மில்லிமீட்டர், எந்த வகைக் கோப்பு வேண்டும், குறைந்தது எத்தனை தாள் அடிப்பார்கள், ஒரு தாள் மாதிரி அடித்துக் காட்டுவார்களா.

ப்ளீட் என்பது வெட்டும் கோட்டைத் தாண்டிப் பின்னணி நிறத்தை நீட்டி வைப்பது. வெட்டும் கத்தி ஒரு மயிரிழை விலகினாலும் வெள்ளை ஓரம் தெரியாமல் இருக்கத்தான் இது. 3 மி.மீ. என்பது வழக்கம். அதே போல உள்பக்கமும் 3 மி.மீ.க்குள் எழுத்து எதையும் வைக்காதீர்கள்.

அளவு ஏன் முக்கியம் என்பதற்கு என் கணக்கையே சொல்கிறேன். எங்கள் லேபிள் 60 × 90 மி.மீ. ப்ளீட் சேர்த்தால் 66 × 96. டிஜிட்டல் அச்சில் பெரும்பாலும் 12 × 18 இஞ்ச் தாள், அதாவது 305 × 457 மி.மீ. எங்கள் அச்சகம் சுற்றிலும் 7 மி.மீ. விடச் சொன்னது. மீதி 291 × 443. லேபிளை நிமிர்த்தி அடுக்கினால் நான்குக்கு நான்கு, 16. படுக்க வைத்தால் மூன்றுக்கு ஆறு, 18. "அகலத்துல ஒரு மூணு மில்லி கொறைங்க்கா" என்றார் தம்பி. 57 ஆக்கினேன். படுக்க வைத்து அடுக்கியபோது ஆறு வரிசை ஏழு ஆனது. ஒரு தாளில் 21 லேபிள்! தாளுக்கு 16 என்றால் ஆயிரம் லேபிளுக்கு 63 தாள் தேவைப்பட்ட இடத்தில் 48 தாள் போதும். எனக்குத் தாளுக்கு 40 ரூபாய் ஆனது, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இந்த 3 மில்லிமீட்டர் எந்தப் பாடத்திலும் இருக்காது, அச்சகத்தில்தான் கிடைக்கும்.

2. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

உணவுப் பொருள் என்றால் லேபிளில் என்ன எழுத வேண்டும் என்பது நம் விருப்பம் அல்ல. வரையத் தொடங்கும் முன் இவற்றை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள்:

- உணவுப் பாதுகாப்புப் பதிவு எண். 14 இலக்கம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) லோகோவோடு சேர்த்துப் போட வேண்டும்.
- பொருளின் பெயர், சேர்மானங்கள். அதிக எடையில் சேர்ப்பது முதலில் வர வேண்டும். எங்களுக்கு டீத்தூள், சுக்கு, ஏலக்காய் என்ற வரிசை.
- நிகர எடை, எல்லா வரிகளும் சேர்ந்த அதிகபட்ச விலை, ஒரு கிராமுக்கு என்ன விலை என்ற கணக்கு.
- தயாரித்த தேதி, காலாவதித் தேதி, பேட்ச் எண். இவை ஒவ்வொரு தடவையும் மாறும், எனவே வெற்றிடம் விட வேண்டும்.
- தயாரிப்பவரின் முழு முகவரி, பதிவுச் சான்றிதழில் உள்ளபடியே. புகார் சொல்ல ஒரு போன் எண், மின்னஞ்சல்.
- சைவத்துக்கான பச்சைப் புள்ளி. ஊட்டச்சத்து விவரம் உங்கள் பொருளுக்குத் தேவையா என்பதைப் பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பதிவுக்கு ஃபாஸ்காஸ் என்ற இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். புகைப்படம், அடையாள அட்டை, முகவரிச் சான்று இருந்தால் போதும். நான் செய்தபோது ஆண்டுக்கு 100 ரூபாய்க் கட்டணம், எண் கையில் வர பத்து நாள் ஆனது. பாக்கெட் போடுபவர்கள் எடையளவுச் சட்டத்தின் கீழும் பதிவு செய்ய வேண்டும். தொழில் தொடங்கி 90 நாளுக்குள், கட்டணம் 500 ரூபாய். நம் மாநிலத்தில் இதைத் தொழிலாளர் துறை பார்க்கிறது.

இங்கே ஒரு பொறி. எனக்கு முழு லேபிளும் தமிழில்தான் இருக்க வேண்டும் என்று ஆசை. கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்து இந்தியிலோ இருந்தாக வேண்டும், தமிழைக் கூடுதலாகத்தான் சேர்க்கலாம் என்பது விதி. இடம் இரட்டிப்பாக வேண்டும் என்று அர்த்தம். அதனால்தான் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என இரண்டு லேபிள் ஆக்கினோம்.

இன்னொன்று. நீலகிரி ஆர்த்தடாக்ஸ் டீ, ஊட்டி வர்க்கி இரண்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு. வர்க்கிக்கு 2023-இல் கிடைத்தது. அந்தக் குறியீட்டு லோகோக்களை இணையத்தில் இருந்து எடுத்து ஒட்டாதீர்கள். முறைப்படி அனுமதி பெற்றவர்களுக்கு மட்டும்தான் அது.

3. கணினி, மவுஸ், மென்பொருள்

அச்சகங்கள் பெரும்பாலும் கோரல் டிராவில் வேலை செய்கின்றன. பெரிய டிசைன் கம்பெனிகளில் இல்லஸ்ட்ரேட்டர். இரண்டுக்கும் காசு கட்ட வேண்டும், வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் போகும். "கிராக் போட்டுத் தர்றேன்" என்று எங்கள் ஊர்க் கடை ஒன்றில் 300 ரூபாய் வாங்கிக்கொண்டு எதையோ ஏற்றிக் கொடுத்தார்கள். மறுநாளே லேப்டாப் வைரஸ் பிடித்துப் படுத்துக்கொண்டது. வேண்டாம்.

இங்க்ஸ்கேப் இலவசம், முழுக்கச் சட்டபூர்வம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இங்க்ஸ்கேப் டாட் ஆர்க் என்ற அதன் சொந்தத் தளத்தில் மட்டும் இறக்குங்கள். தேடலில் முதலில் வரும் வேறு தளங்கள் காசு கேட்கும், அல்லது கூடவே குப்பை ஏற்றும். முதல் தடவை திறக்கும்போது கணினியில் உள்ள எழுத்துருக்களை எல்லாம் படித்துக்கொண்டு வெகுநேரம் எடுக்கும். தொங்கிவிட்டது என்று நினைத்து மூடிவிடாதீர்கள்.

4 ஜிபி நினைவகம் உள்ள பழைய லேப்டாப்பில்தான் நான் பழகினேன். லேபிளுக்கு அது தாங்கும். டச்பேடில் மட்டும் பழகாதீர்கள், ஐந்தாவது நிமிடம் வெறுத்துவிடும். 400 ரூபாய்க்குச் சக்கரம் வைத்த மவுஸ் ஒன்று வாங்குங்கள். இங்க்ஸ்கேப்புக்காக நான் செய்த ஒரே கணினிச் செலவு அதுதான்.

மரம் விழுந்து கரண்ட் போவது நமக்குப் புதிதல்ல. எடிட் மெனுவில் ப்ரிஃபரன்சஸ் என்ற செட்டிங்கில் ஆட்டோசேவ் என்ற இடத்தில் நேரத்தை மூன்று நிமிடமாகக் குறைத்து வையுங்கள். அதே செட்டிங்கில் இன்னொன்றையும் இப்போதே மாற்றிவிடுங்கள்: டூல்ஸ் பகுதியில் பவுண்டிங் பாக்ஸ் என்பதை 'ஜியோமெட்ரிக்' ஆக்குங்கள். இல்லாவிட்டால் 57 மி.மீ. பெட்டிக்கு 1 மி.மீ. கோடு போட்டால் அது 58 என்று காட்டும். நீங்கள் 58-ஐ 57 ஆக்கினால் உண்மையில் பெட்டி 56 ஆகியிருக்கும்.

4. முதல் இரண்டு நாள்: பச்சைப் புள்ளி

எதை வைத்துப் பழகுவது என்று தெரியாமல் யூடியூபில் நரிப் படமும் சூரிய அஸ்தமனமும் வரைந்து ஒரு வாரம் ஓட்டினேன். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. லேபிளுக்குத் தேவையானதையே வரையுங்கள். முதல் பாடத்துக்குப் பச்சைப் புள்ளியை விடப் பொருத்தமானது கிடையாது.

புதுக் கோப்பு திறந்து, டாக்குமெண்ட் ப்ராப்பர்ட்டீஸில் அளவை மி.மீ. ஆக்குங்கள். பக்கம் 63 × 96, அதாவது ப்ளீட் சேர்த்த அளவு. அப்புறம்:

'ஆர்' அழுத்தினால் செவ்வகக் கருவி. எங்காவது ஒரு பெட்டி இழுங்கள், அளவு பற்றிக் கவலை வேண்டாம். 'எஸ்' அழுத்தித் தேர்வுக் கருவிக்கு வாருங்கள். மேலே அகலம், உயரம் என்று இரண்டு கட்டம் இருக்கும், இரண்டிலும் 6 போடுங்கள். 'ஈ' அழுத்தி ஒரு வட்டம் இழுங்கள், அதற்கு 3, 3. கண்ட்ரோல் + ஷிஃப்ட் + எஃப் அழுத்தினால் நிறப் பலகை வரும். வட்டத்துக்கு உள்நிறம் பச்சை, கோடு வேண்டாம். பெட்டிக்கு உள்நிறம் வேண்டாம், கோடு பச்சை. இரண்டையும் தேர்ந்தெடுத்துக் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + ஏ. அங்கே குறுக்கிலும் நெடுக்கிலும் நடுவில் நிறுத்தச் சொல்லுங்கள். கண்ட்ரோல் + ஜி போட்டால் இரண்டும் ஒரே கட்டாகிவிடும்.

அளவை நான் சும்மா சொல்லவில்லை. லேபிளின் முகப்புப் பரப்பு 100 சதுர செ.மீ.க்குள் இருந்தால் வட்டம் குறைந்தது 3 மி.மீ., பெட்டி அதைப் போல இரண்டு மடங்கு என்பது விதி. நம் 57 × 90 லேபிள் 51 சதுர செ.மீ.தான்.

இந்த ஒரு புள்ளியில் வடிவம், அளவு, நிறம், கோடு, சீரமைத்தல், கட்டுதல் ஆறும் பழகிவிடும். இதைத் தப்பில்லாமல் பத்து தடவை போட்டால் கை தானாக ஓடும்.

பொறி: கட்டிய புள்ளியைப் பெரிதாக்கிப் பாருங்கள். கோடும் கூடவே தடிக்கிறதா, அப்படியே ஒல்லியாக நிற்கிறதா? மேல்பட்டையில் வலப்பக்கம் உள்ள சின்னப் பொத்தான்களில் ஒன்று இதைத் தீர்மானிக்கிறது. அது ஏறிக் கிடக்கிறதா இறங்கிக் கிடக்கிறதா என்று பார்க்காமல் லோகோவைச் சின்னதாக்கினால் கோடு கட்டையாகிப் படமே மொத்தை ஆகும்.

5. அடுத்த ஒரு வாரம்: கொழுந்து

டீ லேபிள் என்றால் இரண்டு இலை, ஒரு மொட்டு. என் முதல் இலையைப் பென்சில் கருவியில் கையால் வரைந்தேன். பார்க்க மேட்டுப்பாளையம் ரோடு மாதிரி வளைந்து வளைந்து இருந்தது. 'என்' அழுத்திப் பார்த்தால் ஐம்பது நோடு! நோடு என்பது வளைவைப் பிடித்து நிறுத்தும் முளை. முளை எவ்வளவு குறைவோ வளைவு அவ்வளவு சுத்தம். அரை இலைக்கு மூன்றே மூன்று போதும்.

'பி' (B) அழுத்துங்கள், பேனா கருவி வரும். இலையின் அடியில் ஒரு க்ளிக். கண்ட்ரோலைப் பிடித்தபடி நேர் மேலே நுனியில் ஒரு க்ளிக். இது நடு நரம்பு. இப்போது வலப்பக்கம், இலையின் வயிறு எங்கே அகலமோ அங்கே மவுஸை அழுத்தி, விடாமல் கீழ்நோக்கி இழுங்கள். இரண்டு பக்கமும் மீசை மாதிரி கைப்பிடி நீளும், கோடு வயிறு தள்ளும். விட்டுவிட்டு முதல் புள்ளியில் க்ளிக் செய்தால் வடிவம் மூடிக்கொள்ளும். அரை இலை தயார்.

ஏன் கீழ்நோக்கி? நாம் நுனியிலிருந்து அடிக்கு இறங்கிக்கொண்டிருக்கிறோம், போகிற திசையில்தான் இழுக்க வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் கோடு தன்னையே சுற்றி முடிச்சுப் போடும். நான் இரண்டு நாள் முடிச்சு அவிழ்த்த இடம் இது.

கண்ட்ரோல் + டி அழுத்தினால் அதே இடத்தில் ஒரு நகல் விழும். எதுவும் நடக்காத மாதிரி இருக்கும், நடந்திருக்கிறது. 'எச்' அழுத்தினால் அது இடவலமாகத் திரும்பும். கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் நகர்த்திப் பொருத்துங்கள், 0.1 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும். வெறும் விளிம்போடு விளிம்பு தொட்டால் நடுவில் ஒரு வெள்ளை நூல் தெரியும். இரண்டையும் தேர்ந்து கண்ட்ரோல் மற்றும் கூட்டல் குறி. முழு இலை.

நரம்புக்கு இலையின் மேல் ஒரு கோடு போட்டு, பாத் மெனுவில் ஸ்ட்ரோக் டு பாத் கொடுத்து, இலையையும் அதையும் தேர்ந்து கண்ட்ரோல் மற்றும் கழித்தல் குறி. மேலே இருப்பது கீழே இருப்பதை வெட்டும். நரம்பு இருந்த இடம் ஓட்டையாகி, பின்னணி நிறம் அதன் வழியே தெரியும். இதைப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்கு இந்த மென்பொருள் பிடிபட்டது. வரைவதை விட வெட்டுவதும் ஒட்டுவதும்தான் இங்கே அதிகம், தையல்காரர் வேலை மாதிரி.

இலையின் விளிம்பில் ரம்பப் பல் வைக்க ஆசை வரும். 15 மி.மீ. இலையில் அது தெரியவே தெரியாது, விட்டுவிடுங்கள்.

புகைப்படத்தைக் கொடுத்தால் தானே வெக்டார் ஆக்கும் ட்ரேஸ் பிட்மேப் என்ற வசதி இருக்கிறது. வெள்ளைத் தாளில் கருப்பு பேனாவால் வரைந்த படத்துக்கு அருமையாக வேலை செய்யும். தோட்டத்துப் புகைப்படத்தைக் கொடுத்தால் ஆயிரக்கணக்கான நோடு வந்து கணினி மூச்சுத் திணறும். இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தோடர்களின் பூத்துக்குளிப் போர்வைக் கரையை இப்படி ட்ரேஸ் செய்து பாக்கெட்டில் போடும் யோசனை பலருக்கு வருகிறது. அந்தப் பூவேலைக்கும் புவிசார் குறியீடு உண்டு. அது அவர்கள் கைவேலை. நம் டீத்தூளுக்கு நம் கொழுந்து போதும்.

6. தமிழ் எழுத்து

இங்க்ஸ்கேப்பில் யூனிகோடு தமிழ், அதாவது போனில் தட்டும் அதே தமிழ், நேராக ஒழுங்காக வரும். விண்டோஸிலேயே தமிழ்99 விசைப்பலகையும் ஒலிபெயர்ப்பு முறையும் இருக்கின்றன. மொழிப் பகுதியில் சேர்த்துக்கொண்டு விண்டோஸ் பொத்தானும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தி மாற்றிக்கொள்ளலாம். எழுதி முடித்ததும் ஆங்கிலத்துக்குத் திரும்புங்கள். தமிழ் விசைப்பலகை ஓடும்போது என் கணினியில் 'எஸ்', 'என்' எதுவும் வேலை செய்யவில்லை. மென்பொருள் கெட்டுவிட்டது என்று அழித்துவிட்டு மறுபடி ஏற்றிய ஆள் நான்.

எழுத்துருவுக்குக் காசு வேண்டாம். கூகுள் ஃபாண்ட்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ், காடமரன், முக்தா மலர், ஹிந்த் மதுரை, பலூ தம்பி, மீரா இனிமை என நிறைய இருக்கின்றன. திறந்த உரிமத்தில் வருவதால் விற்பனைப் பொருளிலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். எங்கள் பெயருக்குப் பலூ தம்பி, பின்பக்கச் சின்ன எழுத்துக்கு முக்தா மலர். சின்ன எழுத்தில் தமிழுக்கு ஆங்கிலத்தை விடக் கொஞ்சம் பெரிய அளவு வேண்டும். 5 பாயிண்டில் 'ண'வின் சுழி மூன்றும் மை நிரம்பிக் கரும்புள்ளி ஆகிவிடும். நான் 7-க்குக் கீழே போவதில்லை.

இனி அந்தப் புள்ளிவட்டக் கதை. அச்சகத்துக் கணினியில் நம் எழுத்துரு இருக்காது. பழைய கோரல் பதிப்பு என்றால் யூனிகோடு தமிழைக் கோக்கவும் தெரியாது. அங்கே பலர் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்பவர்கள். அந்தப் பழைய கோரல் 'கொ'வைப் பிரித்து மேய்ந்துவிடும். தீர்வு எளிது: எழுத்தை வடிவமாக மாற்றி அனுப்புங்கள். எல்லாவற்றையும் தேர்ந்து கண்ட்ரோல் + ஷிஃப்ட் + சி. இப்போது அது எழுத்து அல்ல, இலை மாதிரி ஒரு படம். எந்தக் கணினியில் திறந்தாலும் உடையாது.

ஆனால் மாற்றியபின் ஒரு எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. அதனால் கோப்பை முதலில் வேறு பெயரில் சேமியுங்கள். நான் ஒன்றுக்கு 'மூலம்', இன்னொன்றுக்கு 'அச்சு' என்று பெயர் வைக்கிறேன். விலை 95 ரூபாயிலிருந்து 110 ஆனபோது மூலம் கையில் இருந்ததால் ஐந்து நிமிட வேலையாக முடிந்தது.

7. நிறம்

திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு நான்கு மையால். பளிச்சென்ற பச்சை, மின்னும் நீலம், ஆரஞ்சு மூன்றும் மையில் அப்படியே வராது. இங்க்ஸ்கேப்பில் நான்கு மைக்கான அளவுகோல் தெரிந்தாலும், கோப்பில் திரை நிறமாகத்தான் சேமிக்கிறது. மாற்றுவது அச்சகத்தில். ஸ்க்ரைபஸ் என்ற இன்னொரு இலவச மென்பொருளில் நாமே மாற்றலாம், முதல் லேபிளுக்கு அந்தத் தலைவலி வேண்டாம்.

நான் செய்தது இது. மாதிரித் தாளின் காலி ஓரத்தில் பன்னிரண்டு பச்சைக் கட்டங்கள் வரைந்து எண் போட்டு, அதையும் சேர்த்து அடிக்கச் சொன்னேன். வெயிலில் வைத்துப் பார்த்து ஏழாம் எண்ணை எடுத்தேன். திரையில் அது மந்தமான பச்சை, தாளில் அசல் டீ இலை. கூடுதல் செலவு ஒன்றும் இல்லை.

கருப்புக்கு ஒரு வார்த்தை. நம் கருப்பை அச்சகத்தில் மாற்றும்போது நான்கு மையும் கலந்த கருப்பாகிவிடும். சின்ன எழுத்தில் மைகள் துளி விலகினால் நிழல் விழுந்த மாதிரி மங்கும். "எழுத்துக்கு வெறும் கருப்பு மை மட்டும் வைங்க" என்று சொன்னால் அவர்களுக்குப் புரியும்.

8. தாளில் அடுக்குவது

பெரும்பாலான அச்சகங்கள் அவர்களே அடுக்குவார்கள். சிலர் அதற்குத் தனியாகக் காசு கேட்பார்கள். நீங்களே செய்வதென்றால் 305 × 457 பக்கம் திறந்து, லேபிளை ப்ளீட் பெட்டியோடு ஒரே கட்டாக்கி, 90 டிகிரி திருப்புங்கள். எடிட் மெனுவில் குளோன் (மூலத்தோடு இணைந்தே இருக்கும் நகல்), அதற்குள் டைல்டு குளோன்ஸ். 7 வரிசை, 3 நிரல். ஒரே க்ளிக்கில் 21.

பொறி: முதல் லேபிளின் இடத்தில் மூலமும் நகலும் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். எல்லாக் குளோன்களுக்கும் அன்லிங்க் கொடுத்து அந்த இணைப்பை அறுத்துவிட்டு, அடியில் உள்ள மூலத்தை அழியுங்கள். வெட்டுக் கோட்டைத் தனி லேயரில் (படத்தின் மேல் விரித்த கண்ணாடித் தாள் மாதிரி) வைத்தால் அச்சகத்துக்காரர் உங்களை வாழ்த்துவார்.

9. அனுப்பும் நாள்

பி.டி.எஃப். ஆகச் சேமியுங்கள். அப்போது வரும் பெட்டியிலும் எழுத்தை வடிவமாக்கும் தேர்வு இருக்கும், அதையும் டிக் செய்யுங்கள். கூடவே ப்ளெய்ன் எஸ்.வி.ஜி. என்ற வகை வெக்டார் கோப்பு ஒன்று. புகைப்படம் ஏதாவது சேர்த்திருந்தால் உள்ளே இழுக்கும்போதே 'எம்பெட்' கொடுத்திருக்க வேண்டும். 'லிங்க்' கொடுத்திருந்தால் படம் உங்கள் கணினியிலேயே தங்கிவிடும், அச்சகத்தில் வெற்றுக் கட்டம்தான் திறக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமெண்டாக அனுப்புங்கள், படமாக அல்ல.

அனுப்புமுன் வேறு ஒருவரிடம் கொடுத்து 14 இலக்கத்தையும் சான்றிதழோடு ஒப்பிடச் சொல்லுங்கள். நாம் வரைந்ததில் நமக்குத் தப்பு தெரியாது. எங்கள் வீட்டில் அண்ணி படிப்பார், நான் சரிபார்ப்பேன். அப்படியும் ஒரு தடவை போன் எண்ணில் ஒரு இலக்கம் விட்டுப்போனது.

ஒரு தாள் மாதிரி பார்க்காமல் மொத்தமாக அடிக்கச் சொல்லாதீர்கள். "டைம் இல்லீங்க்கா" என்பார்கள். காத்திருங்கள்.

10. எப்போது தொடங்குவது

தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் மேலே சொன்னதெல்லாம் மூன்று வாரம். அச்சுக்கு டிஜிட்டலில் இரண்டு மூன்று நாள். மாதிரி, திருத்தம், கொரியர் எல்லாம் சேர்த்து இன்னொரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே சீசனுக்கு லேபிள் வேண்டுமென்றால் பிப்ரவரியில் உட்கார வேண்டும். மே மாதம் மலர்க் கண்காட்சிக் கூட்டம் வந்தபின் நமக்குச் சாப்பிடவே நேரம் இருக்காது, மவுஸ் பிடிப்பது எங்கே. செப்டம்பர், அக்டோபர் இரண்டாம் சீசனுக்கு ஜூலை.

ஐயாயிரம் லேபிளுக்கு மேல் போனால் சிவகாசியில் தகடு வைத்து அடிக்கும் ஆஃப்செட் அச்சு மலிவு. ஆனால் ஆடி தாண்டிவிட்டால் அங்கே காலண்டர் வேலை சூடுபிடித்துவிடும், நம் சின்ன ஆர்டர் வரிசையில் கடைசிக்குப் போகும். அக்டோபர், நவம்பர் மழையில் மேட்டுப்பாளையம் பாதையில் மண் சரிந்தால் கொரியரும் அடிவாரத்தில் நிற்கும்.

ஸ்டிக்கர் தாளுக்கு லேமினேஷன் வேண்டுமா என்று கேட்பார்கள். இங்குள்ள மூடுபனிக்கு வெறும் தாள் இரண்டு வாரத்தில் ஓரம் சுருளும், எனவே வேண்டும் என்று சொன்னேன். வீட்டுக்கு வந்து தேதி ஸ்டாம்பை அதன் மேல் குத்தினால், வழுவழுப்பில் மை நிற்கவே இல்லை, விரல் பட்டதும் அழிந்தது. ஆயிரம் லேபிள்! இப்போது முன்பக்க லேபிளுக்கு மட்டும் லேமினேஷன். தேதி, பேட்ச் எண்ணுக்கான வெற்றிடம் பின்பக்க லேபிளில், சாதாரணத் தாளில், 25 × 12 மி.மீ. அந்த ஸ்டாம்பை முதலில் வாங்கி, அளந்துவிட்டு, அப்புறம் கட்டம் வரையுங்கள்.